பாறைமேல் இருந்த ஹீல்ஸ் செருப்பு

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்திருந்த சமயம். இடம் கல்வராயன் மலை. வெள்ளிமலை தாண்டி உள்ளே போகிற ரோட்டை ஒட்டி ஓர் ஓடை ஓடுகிறது, அதன் கரை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூணாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. சின்னசேலம் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியிலிருந்து உர மூட்டை இறக்கிப் பிழைத்தவன். இன்றைக்கு அதே சின்னசேலம் பக்கத்தில் எனக்கு ஜவ்வரிசி மில் ஓடுகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பெயரைச் சொன்னால் போதும், ஆட்டோக்காரர் யாரையும் வழி கேட்காமல் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான். ஆனால் உண்மை.

மூட்டை தூக்கினவன் உடம்புக்கு ஒரு குணம் உண்டு. தோளில் இருந்து மூட்டை இறங்கி எத்தனையோ வருஷம் ஆனாலும் முதுகு அதை இறக்கி வைக்காது. கார் வாங்கி, மில் வாங்கி, வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆன பிறகுகூட நான் தரையைப் பார்த்துத்தான் நடந்துகொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியதும் குதிகால் வலி வேறு சேர்ந்துகொண்டது. காலையில் தரையில் கால் வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும். குதி கொஞ்சம் உயரமான செருப்பாகப் போட்டால் நரம்புக்கு இழுவை குறையும் என்றார் டாக்டர்.

கடைத்தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு ரொம்ப நாள் பழக்கம். ஆண்கள் செருப்பையெல்லாம் எடுத்துப் பரப்பினார். எல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டை. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"லேடீஸ்ல ஒன்னு கீதுண்ணே. சைஸ் பெருசுன்னு யாரும் வாங்கல. டீசன்டா இருக்கும்."

"பொம்பள செருப்பயா போடச் சொல்ற பாய்?"

"செருப்புக்கு இன்னாண்ணே தெரியும், யார் காலுன்னு."

கறுப்புத் தோல். முன்பக்கம் மூடியது. பூ, கல், வார் ஒன்றும் கிடையாது. பின்னால் இரண்டு விரல் உயரத்துக்குக் கட்டையான குதி. என் பாதம் கொஞ்சம் சின்னது, சரியாகப் பொருந்தியது. எழுந்து நின்றேன். யாரோ பின்னால் வந்து என் பிடரியில் கை வைத்து லேசாகத் தூக்கிவிட்டது போல இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. கடைக் கண்ணாடியில் நான் அதுவரை பார்த்திராத ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். வலி குறைந்ததைச் சொல்லவில்லை, அது டாக்டர் சமாச்சாரம். நான் சொல்வது வேறு.

வாங்கியாகிவிட்டது. எங்கே போட்டுக்கொள்வது? பேன்ட் போடுகிறவனுக்குக் கவலையில்லை, துணி மறைத்துவிடும். நான் வேட்டி கட்டுகிறவன். சங்கத் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டக் டக்கென்று கடைத்தெருவில் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அது கார் டிக்கியில் ஒரு துணிப்பைக்குள் கிடந்தது. மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு விலை பேச நான் அடிக்கடி மலைக்குப் போவேன். முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அய்யா, எடுக்கட்டா?" என்பார். நான் தலையாட்டுவேன். மலையில் என்னை யாருக்குத் தெரியும் என்ற தைரியம்.

அன்றைக்கும் அப்படித்தான். கிழங்கு பேசி முடித்தபோது மதியம் ஆகவில்லை. மழை விட்டு, பனி இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவரைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நான் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். குளிருக்குக் காரில் கிடந்த பச்சைச் சால்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். ஏதோ விழா மேடையில் எனக்குப் போர்த்தியது. அந்த மாதிரி வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கிறது.

அந்த நடையை எப்படிச் சொல்வது. இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குப் புல். அதற்கு மேலே பனி. என் கால் எனக்கே தெரியவில்லை. பாறை வரும் இடங்களில் மட்டும் டக், டக் என்று கேட்கும். அந்தச் சத்தம் பனிக்குள் போய், கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தது. எனக்குப் பின்னால் இன்னொருவர் அவசரமே இல்லாமல் நடந்து வருகிற மாதிரி இருந்தது. எங்கோ ஆடுகள் கத்தின. யாரோ கூப்பிட்ட மாதிரியும் இருந்தது. திரும்ப மனசு வரவில்லை. திரும்பினால் அது கலைந்துவிடும் என்று தோன்றியது.

ஓடைக்கு அந்தப் பக்கம் மலைக்காரர்களின் சாமி இருக்கிறது. கோயில் கிடையாது, கோபுரம் கிடையாது. பெரிய மரங்களுக்கு நடுவே ஒரு கல், ஒரு வேல். ஓடைக்கு இந்தப் பக்கமே செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். கரையெல்லாம் சேறு. ஆசையாக வாங்கின செருப்பைச் சேற்றில் விட மனசு வரவில்லை. ஓடை ஆழமாகத் தேங்கி நிற்கிற மடு ஒன்று இருந்தது. அதற்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பாறையில் ஈரம் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டையும் நேராகச் சேர்த்து வைத்தேன். கொஞ்சம் மேலே போய் மரப்பாலத்தில் கடந்தேன். சாமிக்கல் நனைந்து கிடந்தது. சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். அப்படியே கண் சொருகிவிட்டது.

கனவா, பாதி விழிப்பா தெரியாது. சின்னசேலம் ஸ்டேஷன். பனிக்குள் கூட்ஸ் வண்டி நிற்கிறது. நான் மூட்டை இறக்குகிறேன். ஒரு மூட்டையிலும் கனம் இல்லை. எல்லாவற்றிலும் பனியைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, பிளாட்பாரம் முழுக்க நடக்கிறேன்.

ஆள் சத்தம் கேட்டு எழுந்தேன். வெறுங்காலோடு பாலத்தைக் கடந்து இறங்கினால் மடுவுக்குக் கீழ்ப்பக்கம் கூட்டம். மலைக்காரர்கள் சிலர், வேனில் ஊர் பார்க்க வந்தவர்கள் சிலர். வேனில் வந்தவர்களில் ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். கள்ளக்குறிச்சியில் மளிகை மொத்த வியாபாரி. சங்கத் தேர்தலில் என்னிடம் தோற்றவர். கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மலைக்கார அம்மா ஒருவர், நாற்பது வயது இருக்கும், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பொண்ணு ஒன்னு வுழுந்துட்டுதுங்க. ஆடு மேச்சிக்கினு அந்தாண்ட சரிவுல இருந்தேன். பச்ச பொடவ, தலைய மூடிக்கினு புல்லுக்குள்ள போச்சு. கூப்ட்டேன், திரும்பல. அப்பால எறங்கி வந்து பாத்தா ஆளக் காணோம். சாமிக்குப் போறவங்க பாலத்தாண்ட கரையிலதான் வுடுவாங்க, இங்க செருப்பு மட்டும் சோடியா கீது. எங்கூட்டுக்காரருதான் உள்ள எறங்கிக்கினு தேடறாரு."

எங்கள் பக்கத்தில் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ செருப்பைச் சோடியாகப் பார்த்தால் மனசு ஒரே இடத்துக்குத்தான் போகும். எனக்கும் அங்கேதான் போனது. யார் பெற்ற பெண்ணோ. அப்புறம் நான் சும்மா இருப்பேனா. கயிற்றை நானும் பிடித்தேன். மூட்டை தூக்கின கை. அங்கே ஆள் நில்லு, இங்கே மூங்கில் கொண்டா, கீழே வளைவில் ஒருவர் பாருங்கள் என்று அதிகாரம் பண்ணினேன். எல்லோரும் கேட்டார்கள்.

"டவுன் பொண்ணாத்தான் இருக்கும் தலைவரே. ஹீல்ஸ் போட்டுக்கினு வந்துருக்குது பாருங்க," என்றார் மளிகைக்காரர்.

பார்த்தேன். பனிக்குள் அந்தப் பாறை. அதன்மேல் கறுப்பாக, சேர்த்து வைத்த சோடி. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது, அடடா, இந்தப் பெண்ணும் என்னுடையதைப் போலவே வாங்கியிருக்கிறாளே என்பதுதான். அதற்கு அப்புறம்தான் வெறுங்காலில் குளிர் ஏறியது.

எதிரே செல்போன். நாளைக்குக் கடைத்தெரு முழுக்க நான்தான். சாமர்த்தியமாகச் சமாளிக்கப் பார்த்தேன். "போதும்மா, ஆள மேல வரச் சொல்லு. இங்க யாரும் இல்ல," என்றேன்.

"எப்டிங்க வுடறது? அந்தப் பொண்ணப் பெத்தவ சோறு பொங்கி வச்சிக்கினு வழி பாத்துக்கினு இருப்பா இல்ல?"

அதற்குள் அவர் கணவர் தலை மேலே வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. பல் தந்தியடித்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "அடியில வேருக்குள்ள எதோ தட்டுப்படுது. இன்னொரு தபா பாத்துட்டு வரேன்," என்றார். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். அந்த வாயை நான் பார்த்தேன். வேருக்குள் கால் மாட்டினால் இவர் வரமாட்டார். யாருக்காகப் போகிறார்? எனக்காக.

"அது என் செருப்பு," என்றேன்.

யாரும் திரும்பவில்லை. தண்ணீர் இரைச்சல். தொண்டை கிழிய இன்னொரு முறை சொன்னேன். "அது என் செருப்பு. நடந்து போனது நான்தான்."

"பெரியவருக்குப் பதட்டத்துல என்னமோ ஆயிடுச்சு," என்றார் மளிகைக்காரர்.

அந்த அம்மா என் நரைத்த தலையைப் பார்த்தார். "அய்யா, அது பொம்பள செருப்புங்க," என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. பாறைமேல் ஏறினேன். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நுழைத்தேன். அடுத்த காலை நுழைத்தேன். நிமிர்ந்து நின்றேன். அத்தனை பேரும் என் காலையே பார்த்தார்கள். ஓடைகூடக் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்த மாதிரி இருந்தது.

"அப்டி அந்தாண்ட நடந்து காட்டுங்க," என்றார் அந்த அம்மா.

நடந்தேன். டக், டக், டக். பாறை முடிகிற இடம் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் ஒரு கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"இதே நடதான்," என்றார். பிறகு மடுவைப் பார்த்துக் கத்தினார். "யோவ், மேல வாயா. பொண்ணு கெடச்சிடுச்சு."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மேலே ஏறி வந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. நடுங்கிக்கொண்டே என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். என் செருப்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாறையில வழுக்காதுங்களா?"

"பழகிட்டா வழுக்காதுப்பா."

மளிகைக்காரர் விடவில்லை. "இன்னா தலைவரே, அப்டியே கொலுசும் ஒன்னு போட்டுக்கறது."

"கொலுசு போட்டா நடை கெட்டுடும்," என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பதில். அதற்கு அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கன்னத்தில் கண்ணீர் அப்படியே நிற்க, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர்கள் வீட்டு வாசலில் நெருப்பு மூட்டினார்கள். என் சட்டையைக் கழற்றி அந்த மனிதருக்குப் போட்டுவிட்டேன். வரக்காப்பி கொடுத்தார்கள். உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று நான் சொல்ல வாயெடுத்தால், அவர் கையை ஆட்டி, காப்பியைக் குடியுங்கள் என்றார். அந்த அம்மா மட்டும் அடிக்கடி என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நெருப்பைக் கிளறிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"எனக்கு அழுவ வந்ததே அந்த நடையாலதாங்க. இவ்ளோ அழகா நடக்கற பொண்ணு எதுக்குச் சாவணும்னு."

நான் குனிந்து காப்பியைப் பார்த்துக்கொண்டேன். என் மில்லைப் பாராட்டியிருக்கிறார்கள். என் காரை, என் வீட்டை, என் பேச்சைப் பாராட்டியிருக்கிறார்கள். மூட்டை சுமந்து வளைந்துபோன இந்த உடம்பு நடப்பதை அழகு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. முதல் தடவையாக ஒருவர் சொல்கிறார். அதுவும் நான் யார் என்றே தெரியாமல், பனிக்குள் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

மலை இறங்கும்போது கடைசி வளைவில் டிரைவர் காரை நிறுத்தினார். "அய்யா, பைக்குள்ள வச்சிரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மறுநாள் வேட்டியும் அதே செருப்புமாகக் கடைத்தெரு முழுக்க நடந்தேன். மளிகைக்காரர் எடுத்த படம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் டக் டக் கேட்டால் தலைவர் வருகிறார் என்று நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார்கள்.

ஆனால் எனக்குள் தங்கிப்போனது அதுவல்ல. இல்லாத ஒரு பெண்ணுக்காக ஒருவர் குளிர்ந்த மடுவில் மூச்சடக்கினார், ஒருவர் புருஷனைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டு அழுதார். அவளை நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் எப்படி நடப்பாள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் காலையில் வாசலில் அந்தச் செருப்பில் காலை நுழைத்து முதல் டக் கேட்கும்போது, அந்தப் பெண் சாகவில்லை என்று எனக்கு நானே ஒரு முறை சொல்லிக்கொண்டுதான் தெருவில் இறங்குகிறேன்.