எதெ நோவு

"சம்பளமும் இல்ல, சாப்பாடும் இல்ல. அங்க போயி என்னத்த வெட்டி முறிக்கற?" வாரத்தில் இரண்டு நாள் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் இப்படித்தான் கேட்பார். வருகிறவர்களுக்கு வழி காட்டுவதும் வீல்சேர் தள்ளுவதும்தான் அங்கே என் வேலை. நானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டது. "பொழுது போகுதுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை, சீட்டு போடும் இடத்தில் நல்ல கூட்டம். பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டு போடும் பெண் சேலத்துக்காரி.

"என்ன பண்ணுதுங்கய்யா?"

"எதெ நோவு."

"அதத்தானுங்க நானும் கேக்கறேன். எது நோவுது?"

"எதெ... எதெ நோவு."

"கேட்டா திருப்பிக் கேக்கறாரே!" என்றார் வரிசையில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். கன்னடத்தில் எதெ என்றால் நெஞ்சு.

"நெஞ்சு வலிங்கறாரும்மா!" என்று கத்தினேன். அந்தப் பெண் எழுந்து டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சிரித்தவர்களே விலகி வழிவிட்டார்கள். நான் வீல்சேர் தள்ளிய வேகத்தில் ஒரு செருப்பு எங்கோ கழன்று போயிற்று.

அவரை உள்ளே கொண்டுபோனபின் அவர் மனைவி என் கையை விடவே இல்லை. தமிழ் அவளுக்குச் சரியாக வராது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்தப் பாஷைக்காகப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். என் பிள்ளைகள் கடைத்தெருவில் இதில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், கௌரவக் குறைச்சலாம்.

மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். "பொழச்சிட்டாருங்க. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது" என்றார்.

சொன்னேன். அவள் சட்டென்று என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். 'எனக்கெதுக்கு, எல்லாம் டாக்டர் செய்தது' என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. புண்ணியத்துக்காகச் சேவைக்கு வருகிறவர்கள் வரட்டும். நான் பெருமைக்காக வருகிறவள். அந்தக் கும்பிடை நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன்.