நான்கு சுருதிகளும் ஓர் இஸ்திரி வண்டியும்

எங்கள் குழுவில் மூன்று பேர். சுருதி மட்டும் நான்கு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. மூவரில் முறையாகச் சங்கீதம் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

முதல் சுருதி என் வயலினுடையது. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஆறு வயதில் ஆரம்பித்து, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காக நிறுத்தி, வேலை கிடைத்ததும் தூசி தட்டி எடுத்தது. இரண்டாவது, ஜி.எஸ்.டி. ரோட்டுக் கல்லூரி ஒன்றில் படிக்க ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஒருவனின் ம்பிரா. நோட்டுப் புத்தக அளவுக்கு ஒரு மரப்பலகை, அதன்மேல் வரிசையாகத் தட்டையான இரும்புப் பட்டைகள். கட்டைவிரல்களால்தான் பெரும்பாலும் வாசிப்பான். பலகையில் சோடா மூடிகளை வேறு கோத்திருந்தான். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அவை வண்டு போல ரீங்கரிக்கும். அவன் ஊரில் இதைப் பெரிய சுரைக்குடுவைக்குள் வைத்து வாசிப்பார்களாம், சத்தம் பெருகுவதற்கு. குடுவைக்கு அலைந்து பார்த்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் ஓர் அலுமினிய அன்னக்கூடை வாங்கிவிட்டான். அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஷேர் ஆட்டோவில் ஏறினால், எந்தக் கல்யாணத்தில் பந்தி என்று பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். அவனும் தயங்காமல் ஏதாவது ஒரு மண்டபத்தின் பெயரைச் சொல்வான்.

மூன்றாவது, நான்காவது இரண்டும் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவரின் பறைக்குச் சொந்தம். அக்கா பம்மலில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறார். அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தபோது, ரிப்போர்ட் அச்சாகி வரும்வரை அவர் மேஜையில் விரல்களால் ஒரு தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் சிறுநீரகக் கல்லை மறந்துவிட்டு நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றே நம்பர் வாங்கினேன். ம்பிராக்காரனை அதற்கு முன்பே செங்கல்பட்டு ரயிலில் பிடித்து வைத்திருந்தேன். ஆள் பிடிப்பதில் எனக்கு வெட்கமே கிடையாது.

ஞாயிறுதோறும் பம்மலில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி. அவன் பன்னிரண்டு எண்ணிக்கையில் சுழன்று சுழன்று வாசிப்பான். எங்கே தொடங்கியது, எங்கே முடியும் என்பதே தெரியாது. நான் அந்தப் பன்னிரண்டை மூன்று நான்காகவும், நான்கு மூன்றாகவும் பிரித்துக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். அக்கா எதையும் எண்ணுவதில்லை.

"இன்னா பாப்பா, சீட்டு எழுதிக்கினு கீற? எண்ணிக்கினே இருந்தா கால் எப்பிடி ஆடும்?"

அவர் சொல்வது அவருக்குச் சரி. மிருதங்கம் சுருதியோடு சேரவில்லையென்றால் கச்சேரியே தொடங்காத வகுப்பில் வளர்ந்தவள் நான். பறையும் தோல்தானே, அதையும் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். வாசிப்பதற்கு முன் அக்கா பழைய பேப்பரையும் தேங்காய் மட்டையையும் கொளுத்தி, பறையைத் தீக்குமேல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். தோல் விறைத்துக் கணீரென்று பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீயிலிருந்து எடுத்த கையோடு பறையைத் தட்டச் சொல்லி, அந்த ஒலியைப் போன் செயலியில் அளந்தேன். என் தந்திகளை அதற்கு ஏற்றினேன். அவனையும் விடவில்லை. இருபதுக்கு மேற்பட்ட இரும்புப் பட்டைகள், ஒவ்வொன்றையும் குட்டிச் சுத்தியலால் தட்டி முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். மத்தியானம் முழுக்கத் தட்டினான். "இது என் குரு வீட்டு சுருதி. உங்களுக்காக வீடு மாத்தறேன், மச்சான்" என்றான். ஹாஸ்டலில் பிடித்த தமிழ், அவனுக்கு எல்லோருமே மச்சான்தான். அக்காவை மட்டும் மரியாதையாக 'அக்கா மச்சான்' என்பான்.

மூவரும் சேர்ந்து தொடங்கினோம். கொஞ்ச நேரம் சொர்க்கம். அப்புறம் பறை இறங்கத் தொடங்கியது. தோல் ஆறினால் தளரும், தளர்ந்தால் குரல் தாழும். மூன்று பேரும் மூன்று பஸ்ஸில் போவது போல ஆகிவிட்டது.

அக்கா குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சூடா இருக்கச்சொல்ல ஒரு சத்தம், ஆறினா ஒரு சத்தம். இது தெரியாமலா அவ்ளோ நேரம் இரும்படிச்ச, தம்பி?"

"நீங்க சொல்லவே இல்லையே, அக்கா மச்சான்."

"நீங்க என்னியக் கேக்கலியே. போனைத்தானே கேட்டீங்க."

அடுத்த வாரமே அவன் பட்டைகளைத் தன் குரு வீட்டுச் சுருதிக்கே திருப்பிவிட்டான். நான் அடங்குவேனா? ஆன்லைனில் ஒரு பைபர் பறை வரவழைத்தேன். கறுப்பு நிறம், பிளாஸ்டிக் தோல், சுற்றிலும் திருகுகள், கூடவே ஒரு ஸ்பேனர். தீ வேண்டாம். ஒருமுறை திருகி வைத்தால் அப்படியே நிற்கும். என் பிரச்சினைக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான தீர்வு கிடையாது என்று நம்பினேன்.

அக்கா அதை வாங்கி முறையாகவே வாசித்துப் பார்த்தார், ஐந்து நிமிடம். "சத்தம் நாலு தெரு போவும். நடுவுல அடிச்சாலும் ஓரத்துல அடிச்சாலும் ஒண்ணாதான் கேக்குது. நானு ஏழு வருசமா கை பழக்கினது எங்க போறது?" என் கையில் திருப்பிக் கொடுத்தார். "மேடையில இது ஏறினா, நான் ஏறல. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். ஸ்கேன் சென்டரில் "மூச்சை இழுத்துப் புடிங்க" என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். சரி என்றேன். அவர் போய்விட்டால் அப்புறம் குழு என்று எதுவும் இல்லை. ஒரு வயலினும் ஓர் அன்னக்கூடையும்தான் மிச்சம்.

ஆனால் எங்கள் முதல் மேடை நாள் வந்தபோது, அந்தக் கறுப்புப் பறையைத் துணிப்பையில் போட்டு என்னோடு எடுத்துப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் ஆண்டு விழா, கிளப் ஹவுஸில். ஏசி ஹால், நெருப்பு எதற்கும் அனுமதியில்லை என்று சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

வாசலில் சங்கச் செயலாளர் எங்களை வரவேற்றார். நல்ல மனிதர், ஜூஸ் எல்லாம் கொடுத்தார். அக்காவின் கையிலிருந்த பறையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க. இது வந்து... சாவுக்கு அடிக்கிறதில்லையா? பெரியவங்க எல்லாம் உட்கார்ந்திருப்பாங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் ம்பிராக்காரன் முந்திக்கொண்டான். "என்னோடதும் அதுக்குத்தான், சார். எங்க ஊர்ல இதை வாசிச்சா செத்துப்போன தாத்தா எல்லாம் வருவாங்க. வந்து டான்ஸ் ஆடுவாங்க. உங்க பெரியவங்களுக்கும் பிடிக்கும்."

செயலாளர் அன்னக்கூடையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு இன்னொரு ஜூஸ் கொடுத்தார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காய்ச்சணும் சார், வெளிய போய்ட்டு வரேன்" என்று கிளம்பினார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. இஸ்திரி அண்ணன் பக்கத்தில் ஒரு தகர அடுப்பில் அடுத்த ஈட்டுக்குக் கரி மூட்டிக்கொண்டிருந்தார். அக்கா எதுவும் கேட்காமல் பறையை அதன்மேல் காட்டினார். அவரும் எதுவும் கேட்காமல் விசிறிவிட்டார். தோல் விறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "கஞ்சி போடணுமா, மேடம்?" என்றார்.

"வேணாம்ணா. மடிப்பு மட்டும் கலையாம குடு."

கணீரென்ற பறையோடு உள்ளே வந்தோம். எங்கள் திட்டம் சூட்டுக்குச் சூடு: முதலில் ஆட்டப் பாட்டு, சூடு குறையக் குறைய அடுத்தடுத்து, கடைசியில் தாலாட்டு. ஆனால் எங்களுக்கு முன்னால் மாறுவேடப் போட்டி நீண்டது. ஒரு தக்காளி மேடையை விட்டு இறங்க மறுத்து அழுதது. பிறகு பரிசளிப்பு, பிறகு பரிசு கொடுத்தவருக்குப் பரிசு. ஏசி காற்று நேராக எங்கள் தலையில். அக்கா மடியில் வைத்திருந்த பறையை ஒரு விரலால் சுண்டினார். சோற்றுப் பானையின் அடியைத் தட்டியது போல ஒரு சத்தம்.

நான் பைக்குள் கை விட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போனது. கறுப்பு விளிம்பு வெளியே வந்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"ஓ. கொண்டாந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டத் தொடங்கினார்.

"அக்கா மச்சான், போயிடாதீங்க" என்றான் அவன்.

மேடையில் எங்களை அழைத்தார்கள். மைக் பிடித்திருந்தவர் எங்கள் இசையை 'உலக இசை' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, ரப்பர் பேண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் அவன் விரல் ம்பிராவின் தாழ்ந்த பட்டை ஒன்றைத் தொட்டது. அந்த ஒலி எனக்குத் தெரிந்த ஒலி. கைநீட்டி அக்காவின் ஆறிப்போன பறையைத் தட்டினேன். அச்சு அசலாக ஒன்று இல்லை. ஆனால் ஒரே தெருவில் குடியிருக்கிற அளவுக்கு நெருக்கம். ஏழு மாதமாகச் சூடான பறையை மட்டுமே அளந்துகொண்டிருந்தேன். ஆறின பிறகு அது எங்கே போய் உட்கார்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"கடைசிப் பாட்டை முதல்ல வாசிப்போம், அக்கா. இப்படியே. காய்ச்ச வேணாம்" என்றேன். பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, என் தந்திகளைச் சரசரவென்று இறக்கினேன். இறங்கி வந்தது நான்தான், என் வயலின்தான், அதுவே முறையும்கூட.

அக்கா ரப்பர் பேண்டைக் கழற்றினார்.

தாலாட்டு நன்றாக வந்தது என்று சொன்னால் பொய். என் தந்தி இரண்டு முறை நழுவியது. ஆனால் ஆறின தோலில் அக்கா விரல் நுனியால் வாசித்ததும், அந்தத் தக்காளி அம்மா மடியில் தூங்கியே போனது. பாட்டு முடிவதற்குள் அக்கா எழுந்து மைக்கில், "காய்ச்சிட்டு வந்துர்றேன், யாரும் எழுந்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். முடிவே இல்லாத பன்னிரண்டை வைத்திருக்கிறவன் ஏன் நிறுத்தப் போகிறான்? அன்னக்கூடையை நெஞ்சோடு அணைத்து, வாசித்துக்கொண்டே அவர் பின்னால் போனான். பிள்ளைகள் அவன் பின்னால். பிள்ளைகளைத் தேடிக்கொண்டு பெற்றவர்கள். ஹாலில் கடைசியாக மிஞ்சியவர் செயலாளர். அவரும் ஏசியை அணைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஆட்டப் பாட்டு இஸ்திரி வண்டியைச் சுற்றித்தான் நடந்தது. பட்டுப் புடவைகள், ஒரு வாழைப்பழம், ஒரு போலீஸ், சாலையில் ஓரங்கட்டிய இரண்டு ஷேர் ஆட்டோக்கள். பறை ஆறும்போதெல்லாம் அக்கா தகர அடுப்புக்குத் திரும்புவார், நாங்கள் பன்னிரண்டில் சுழன்றுகொண்டிருப்போம், அவர் சூட்டோடு வந்து விழுவார். நான் எண்ணுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. செயலாளருக்குக் கால் ஆடியது. அவருடைய தாத்தாதானா என்று தெரியாது, யாரோ வந்திருந்தார்கள்.

கிளம்பும்போது அக்கா தாம்பரம் ஷேர் ஆட்டோவில் ஏறி, "வரேன்" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மன்னிப்புக் கேட்டு நான்கு செய்தி எழுதினேன், நான்கையும் அழித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "அந்தக் கறுப்ப எடுத்தாந்துரு."

திருப்பி அனுப்பச் சொல்வாரா, இதை வைத்துக்கொண்டு வேறு ஆள் பார்த்துக்கொள் என்பாரா என்று பம்மல் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மாடியில் அவன் ஏற்கெனவே சோடா மூடிகளை முறுக்கிக்கொண்டிருந்தான். தேங்காய் மட்டை புகைந்ததே தவிரப் பற்றவில்லை. அக்கா பையைப் பிரித்து, பைபர் பறையை எடுத்து, என் கையில் கொடுத்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? விசிறு."

விசிறினேன். காற்று நன்றாகவே வந்தது. மட்டை குப்பென்று பற்றிக்கொண்டது.