நான்கு தூண்களில் ஒன்று

கொல்கத்தாவின் பவானிபூரில் ஒரு பழைய வீட்டு வாசலில் நிற்கிறேன். முகப்பில் நான்கு வெள்ளைத் தூண்கள். உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்தது போல நெடுக்குப் பள்ளங்கள். துர்கா பூஜைக்குப் பந்தல் போடுகிறவர்கள் இப்போதுதான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

“இதுல ஒண்ணு துணி. எதுன்னு சொல்லுங்கோ பார்ப்போம்” என்கிறார் மாடியில் குடியிருக்கும் விஜயா மாமி.

மழையில் ஒரு தூண் இடிந்துவிட்டதாம். அந்த இடத்தில் இரும்புக் கம்பத்தை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பூஜை வந்தால், புடவைக் கொசுவம் போலத் துணியை மடித்து மடித்துச் சுற்றி அதைத் தூணாக்கிவிடுவார்களாம்.

எனக்கா தெரியாது என்ற திமிரோடு கிட்டே போகிறேன். பள்ளத்தில் விழும் நிழல்கூட நான்கிலும் ஒரே மாதிரி. இரண்டாவதுதான் என்று சொல்லித் தொடுகிறேன். சில்லென்று காரை.

மாமி சிரிக்கிறார். “அம்மனைக் கரைச்சதும் அவிழ்த்துண்டு போயிடுவா. அப்புறம் அந்தக் கம்பத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.”

“எதுன்னு சொல்லிடுங்களேன் மாமி.”

“காத்து வரட்டும்.”

தெருவில் ஒரு பஸ் விரைகிறது. அதன் பின்னாலேயே காற்று. மூன்று தூண்கள் அப்படியே நிற்கின்றன. நான்காவது மட்டும் அடியிலிருந்து உச்சிவரை மெல்ல உப்பி, மூச்சு விட்டு அடங்குகிறது.