ஐந்து பாக்கெட் மண்ணும் என் குங்குமமும்

உங்களுக்கு எதற்கு அந்தக் கதை? மேசையைத் துடைக்கச் சொன்னால் நடுவில் மட்டும் துடைக்கிறீர்கள், மூலையெல்லாம் தூசி. அதற்குள் "ஆயா, அந்த மண்ணு விவகாரம் என்னா?" என்று வந்து நிற்கிறீர்கள். லேப் கிளீனராகப் புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்டுத் தொலையுங்கள்.

நான் சுங்கை ஆயர் தாவார் பக்கம் எஸ்டேட்டில் எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழம் பொறுக்கியவள். முதுகு வளைந்த பிறகு புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டோடு வந்து, இந்தத் தடய லேப்பில் சேர்ந்தேன். கொலை, கொள்ளை நடந்த இடத்து மண், நூல், முடி எல்லாம் இங்கேதான் வரும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பொருளைத் தொடக்கூடாது. மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அந்த அளவு தெரிந்தால் போதும்.

அந்த வருடம் மூன்று நாட்டு லேப்புகள் சேர்ந்து ஒரு பரீட்சை வைத்துக்கொண்டன. எண் போட்ட ஐந்து பாக்கெட் மண் மூன்று லேப்புக்கும் ஒரே மாதிரி போகும். எதெது ஒரே இடத்து மண் என்று தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஒத்துப்போனால் ஒரு நாட்டு ரிப்போர்ட்டை இன்னொரு நாட்டு கோர்ட்டு நம்பும். எங்கள் பக்கம் அந்த வேலை புவனாவுக்கு. கெட்டிக்காரப் பெண், அவளுக்கு அது முதல் பெரிய வேலை.

பாக்கெட்டுகள் வந்தது ஆயுத பூசையன்று. எஸ்டேட்டில் செம்பனை அரிவாள் முதல் கங்காணி மண்டோரின் மோட்டார் சைக்கிள் வரை பொட்டு வைக்காமல் விடமாட்டோம். இங்கே இத்தனை மிஷின் மொட்டை நெற்றியோடு நின்றால் மனசு கேட்குமா? எங்கள் லேப்பின் போஸ் டாக்டர் லிம் திட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் முதுகுப் பக்கம் வைத்தேன். மேசையில் அந்த ஐந்து பாக்கெட்டும் இருந்தன. கடல் தாண்டிப் பரீட்சைக்கு வந்தவை, அவற்றை மட்டும் விடுவதா? வாய் மடிப்புக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சிவப்பு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லை. அது என் சாக்கு.

காய்ந்த பொட்டு, பாக்கெட்டைத் திறந்தபோது பொடியாய் உதிர்ந்து மண்ணில் கலந்துவிட்டது. புவனா மஞ்சள், சுண்ணாம்பு, சந்தனம் என்று எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள். தமிழ்ப் பெண்ணாயிற்றே! ஐந்தும் ஒரே கோயில் வாசல் மண் என்று எழுதி அனுப்பினாள். மற்ற இரண்டு லேப்பும் மூன்று வெவ்வேறு இடத்து மண் என்று எழுதியிருந்தன.

மூன்று நாட்டுக்காரர்களும் லேப் டிவியில் முகம் பார்த்துப் பேசும் நாள் வந்தது. நம் பதில் மட்டும் மாறியதற்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டால் நம் லேப்பை வெளியே தள்ளிவிடுவார்கள், நீ ஸ்டோருக்குப் போய்விடு என்று டாக்டர் லிம் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. புவனா கைகழுவும் தொட்டியருகே நின்று அழுதாள். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை. கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"புவனா, அது கோயில் மண்ணு இல்லம்மா. நான் வச்ச பொட்டு."

"அஞ்சுக்குமா ஆயா?"

"ஒண்ணுக்கு வச்சு ஒண்ண விட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிவி முன் நிறுத்தினாள். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் லிம் கண்ணை மூடிக்கொண்டார். ஜப்பான்காரர் பொட்டு காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இன்னொரு நாட்டு வெள்ளைக்கார அம்மா முகம் சிவந்து ஏதோ முனகினார். அதைக் கேட்டு புவனா அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். அந்த அம்மாவுக்கும் இரண்டு பாக்கெட்டில் முடி கிடைத்ததாம். தன் வீட்டுப் பூனையுடையதாய் இருக்குமோ என்று பயந்து ரிப்போர்ட்டில் எழுதவில்லையாம்.

மூன்று லேப்புக்கும் புது மண் வந்தது. இந்த முறை மூன்று பதிலும் ஒன்று. புவனா ஸ்டோருக்குப் போகவில்லை. டாக்டர் லிம் ஒரு வாரம் என்னைத் திட்டினார், ஆனால் அனுப்பவில்லை. கை பட்டதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளா. மறைத்தால் அது இன்னொருத்தி தலையில் விடியும்.

அதன்பிறகு, எது குற்றவாளியுடையது, எது நம் ஆள் கை பட்டது என்று பிரித்துப் பார்க்க, லேப்பில் புழங்குகிற எல்லாருடைய அடையாளத்தையும் மூன்று நாட்டிலும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதை எடுக்கிற அன்றைக்கு எனக்கு லீவு. என் குங்குமத்தையும் வாயில் பஞ்சு விட்டு எச்சிலையும் எடுக்க லேப் வேன் வீட்டுக்கே வந்தது. வேனைப் பார்த்து அக்கம்பக்கமெல்லாம் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டது. என்ன கேஸ் என்று கேட்டார்கள். நான் சொன்னேன்:

"கேஸ் ஒண்ணும் இல்லலா. இனிமே மூணு நாட்டுல எங்க கொலை நடந்தாலும், மொதல்ல நான் இல்லன்னு பாத்துட்டுத்தான் அடுத்த ஆளத் தேடுவாங்க."