உலைக்காரன் கட்டிய பூனை வேஷம்

லோவெல் ப்ராண்ட்வோல்டுக்கு உலைகளோடு பேசத் தெரியும். மனிதர்களோடு பேச்சு அவ்வளவாக வராது. மின்னசோட்டாவின் வடக்கு மூலையில் ஸ்டர்ஜன் பெண்ட் என்கிற எங்கள் ஊரில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். அத்தனை வீட்டு நிலவறையிலும் வீட்டைச் சூடாக்க ஓர் உலை உண்டு, அத்தனைக்கும் அவன்தான் வைத்தியன். படியிறங்கிப் போய் உலையின் வயிற்றைத் தட்டி, "என்னம்மா, என்ன பண்ணுது உனக்கு?" என்று விசாரிப்பான். ஒரு மணி நேரம் கழித்து மேலே ஏறி வந்தால் வீட்டுக்காரரிடம் "சரியாயிடுச்சு" என்ற ஒரே சொல்தான். அவர்கள் காபியை ஊற்றிக் கொண்டுவருவதற்குள் அவனுடைய வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

அப்படிப்பட்டவன் தலையில், பிள்ளைகள் வேஷம் கட்டி மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன் பண்டிகை வந்து விழுந்தது, அவன் மனைவி ஜானெல் பின்வாசல் படியில் வழுக்கியதால். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள்.

ஜானெல் வேஷம் தைப்பதில் ஊரிலேயே பேர்பெற்றவள். போன வருஷம் மகள் இங்ரிட்டை முட்டைக்கோஸாக ஆக்கியிருந்தாள். இலை இலையாகத் தைத்த பச்சைத் துணி, நடுவில் பிள்ளையின் முகம். அதைப் பார்த்துவிட்டு மாதா கோயில் கீழ்த்தள விருந்தில் ஒருவர் சமைக்கத் தோன்றுகிறது என்றாராம். எங்கள் பக்கத்தில் வேஷத்துக்கு ஒரே ஒரு விதிதான்: குளிர்கோட்டின் மேலே ஏறவேண்டும். அக்டோபர் கடைசியில் பனி முழங்கால்வரை கிடக்கும். தேவதையாக வரும் பிள்ளையும் தடித்த கோட்டின்மேல் இறக்கை கட்டிக்கொண்டு கொழுத்த வாத்துபோலத்தான் நடந்து வரும்.

"இந்த வருஷம் கடையில வாங்கிக்கலாமே" என்றான் லோவெல்.

சோபாவில் கையைத் தலையணைமேல் வைத்திருந்த ஜானெல் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இருபது வருஷமா தகரக் குழாய வெட்டி வளைக்கிற. ஒரு துணிய வெட்டி வளைக்க உனக்குக் கையில்லையா?"

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினான். மரத்தில் தொங்கவிடத் துணிப்பேய்கள் செய்யலாம் என்று அலமாரியில் இருந்த பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, தகரம் வெட்டும் கத்தரியாலேயே எட்டுத் துண்டு போட்டான். காகிதத்தைப் பந்தாகச் சுருட்டி உள்ளே வைத்து, அவனும் பிள்ளைகளும் கழுத்தில் நூல் கட்டினார்கள். ஐந்து வயது இங்ரிட் கண் வரைந்தாள். மூன்று வயது மகன் ஓட்டிஸ் தனக்குக் கிடைத்த பேய்க்கு ஏழு கண் வைத்தான். எட்டுப் பேயும் முன்வாசல் மரத்தில் ஆடுவதை ஜானெல் ஜன்னல் வழியே பார்த்தாள்.

"லோவெல், அந்தப் பேய்ங்களுக்கு ஓரத்துல பூவேலை இருக்கே."

"ஆமா, அழகா இருந்துச்சு, அதான் அத எடுத்தேன்."

"அது எங்கம்மா நம்ம கல்யாணத்துக்குக் கையால பின்னிக் குடுத்தது."

அவன் வெளியே போய் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

வாசலில் விளக்காக வைக்கப் பரங்கிக்காய் குடைவதில் கொஞ்சம் மானத்தை மீட்டுக்கொண்டான். கத்தியைத் தொடவே இல்லை. துளைபோடும் இயந்திரத்தால் பரங்கி முழுக்க வரிசையாக ஓட்டை போட்டு, உள்ளே மெழுகுவர்த்தியை வைத்ததும் அது நட்சத்திரக் கூட்டம்போல மினுங்கியது. சமையலறைச் சுவரில் பரங்கிச் சதை தெறித்திருந்ததை நவம்பர் பாதிவரை துடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

பண்டம்தான் அவனைக் கவிழ்த்தது. அந்த வீட்டு வழக்கப்படி, பிள்ளைகள் வீடு வீடாய் மிட்டாய் கேட்டுப் போகும்போது தெரிந்தவர்களுக்குப் பதிலுக்கு ஒரு சோளப்பொரி உருண்டை கொடுப்பார்கள். ஜானெல் சோபாவிலிருந்தே பக்குவம் சொன்னாள். பாகு பதம் வரும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. யாரோ வீட்டு உலை இருமுகிறதாம். எப்படி இருமுகிறது, வறட்டு இருமலா, சளி இருமலா என்று லோவெல் விசாரித்து முடிப்பதற்குள் பாகு முற்றிப்போயிற்று. ஆனாலும் மனம் தளராமல் உருண்டை பிடித்தான். ஆறிய பிறகு ஓர் உருண்டை கைதவறித் தரையில் விழுந்தது. உடையவில்லை. நாய் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நல்லாத்தானே இருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டான்.

"கடிக்க வரலப்பா, ஆனா நக்கலாம்" என்றாள் இங்ரிட்.

சரி, வேஷத்துக்கு வருவோம். ஓட்டிஸ் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டான்: "நான் உலை." லோவெல் உடனே கத்தரியை எடுத்தான். புது உலை வந்திறங்கிய அட்டைப்பெட்டியை அறுத்து, வெள்ளித்தாள் நாடா ஒட்டி, பக்கவாட்டில் குழாய் வைத்து, உள்ளே ஒரு கைவிளக்கை ஆரஞ்சுத் தாள் சுற்றி மாட்டினான். பொத்தானை அமுக்கினால் தீ எரிவதுபோலவே இருக்கும். நேர்த்தியான வேலை. ஒரே குறை, அதை மாட்டிக்கொண்டால் பிள்ளையால் உட்காரவும் முடியாது, படியேறவும் முடியாது. விழுந்தால் வண்டுபோல மல்லாந்து கிடந்து யாராவது தூக்கிவிடும்வரை காத்திருக்கவேண்டும். ஓட்டிஸ் அதையும் சந்தோஷமாகவே செய்தான்.

இங்ரிட்டிடம்தான் சிக்கல். "நீ என்னடா செல்லம் ஆகப்போற? தேவதையா, சூனியக்காரியா?"

"வெர்னாம்மா."

லோவெல் கையிலிருந்த நாடாவைக் கீழே வைத்தான். "எந்த வெர்னாம்மா?"

"எதிர்வீட்டு வெர்னாம்மாதான்."

வெர்னா ஆஸ்ட்பி, தபால் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். தபால்தலையைக் கோணலாக ஒட்டி வந்தவரைத் திருப்பி அனுப்பியவர். நாலு வருஷத்துக்கு முன் லோவெல் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது அவருடைய பியோனிப் பூச்செடிகள்மேல் ஏற்றிவிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான். வாயிலிருந்து வந்ததோ, "செடிதானே, மறுபடி முளைச்சிடும்" என்பது. "உன் வண்டிக்குக் கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான், நீ தலை சீவவா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்தான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வெர்னா வாசலில் நின்றால் லோவெல் பின்வழியாகப் போவான்.

"வேற ஏதாவது ஆகலாமே. பொம்மை? பூசணி?"

"வெர்னாம்மா" என்றாள் இங்ரிட். கெஞ்சலும் இல்லை, அழுகையும் இல்லை. தீர்ப்பு மாதிரி இருந்தது.

அவளுக்கு வேஷத்தில் ஒரு நூல் பிசகக்கூடாது. ஜன்னல் ஓரம் முழங்காலிட்டு எதிர்வீட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நரைமுடிக்கு லோவெல் முதலில் குழாய்க்குச் சுற்றும் கண்ணாடிப் பஞ்சைக் கொண்டுவந்தான். "ஐயோ, பிள்ளைக்கு உடம்பெல்லாம் அரிச்சுத் தள்ளிடும்" என்று ஜானெல் கத்தியதால் தரை துடைக்கும் துடைப்பத்தின் நூலைக் கழற்றித் தொப்பியில் தைத்தான். கைத்தடிக்கு விளக்குமாற்றுக் காம்பு. பிறகு கோட்டு.

"ரெண்டு கோட்டு வேணும்ப்பா. ஊதாமேல பழுப்பு."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும்."

"வெர்னாம்மா ரெண்டுதான் போடுவாங்க. வீட்டுக்குள்ளயும் போடுவாங்க. விரல் இல்லாத கையுறை போட்டுக்கிட்டு, ரொட்டி சுடுற அடுப்போட கதவத் திறந்து வச்சு, உள்ள காலை நீட்டிக்கிட்டுப் பேப்பர் படிப்பாங்க."

லோவெல் சிரித்தே விட்டான். "கேட்டியா ஜானெல்? நம்ம பொண்ணுக்குக் கற்பனைய பாரு." ஜானெலும் சிரித்தாள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ரெண்டு கோட்டு வரும்வரை அசையவும் இல்லை.

கடைசியில் அவள் அப்பாவுக்கும் ஒரு வேஷம் ஒதுக்கினாள். வெர்னாவிடம் ஹெர்மன் என்று ஒரு தடித்த செம்பூனை உண்டு. "நீதான் ஹெர்மன். நீ பேசவேண்டாம், பின்னாலயே வந்தாப் போதும்." இதைவிட நல்ல வேஷம் லோவெலுக்கு வாய்த்திருக்காது. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுக் கோட்டு, வெள்ளித்தாள் நாடாவில் இரண்டு காது, குழாய்க்குப் போர்த்தும் நுரைச்சுருளில் ஒரு வால். ஜானெல் இடது கையால் கன்னத்தில் மீசை வரைந்தாள். இடது கை என்பதால் ஒரு பக்க மீசை காதுவரை போய்விட்டது.

முப்பத்தொன்றாம் தேதி ஆறரை மணிக்கே இருட்டிவிட்டது. நாலைந்து வீடு நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் ஓட்டிஸைத் தட்டிப் பார்த்து, "எங்க வீட்டு உலையவிட நல்லா எரியுதே" என்றார்கள். இங்ரிட்டைப் பார்த்தவர்களோ ஒரு கணம் விழித்து, பிறகு வெர்னா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெர்னா வீட்டு வாசல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் பிள்ளைகள் வரலாம் என்று பொருள்.

"அங்க வேண்டாம் கண்ணு. அவங்க தூங்கியிருப்பாங்க."

"ஹெர்மன் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு இங்ரிட் தடியை ஊன்றிப் படியேறினாள். லோவெல் ஓட்டிஸைப் பெட்டியோடு தூக்கி மேல்படியில் வைத்துவிட்டு, கீழே பனிக்குவியலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான்.

கதவு திறந்தது. ரெண்டு கோட்டு போட்ட வெர்னாவும் ரெண்டு கோட்டு போட்ட வெர்னாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யாரு நீ?" என்றார் பெரியவர்.

"வெர்னா ஆஸ்ட்பி."

"அப்ப நான் யாரு?"

இங்ரிட் யோசித்தாள். "நீங்களும்தான். நீங்க பெரிய சைஸ்."

வெர்னா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். முடியைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். "தடி இந்தக் கையில இல்ல. எனக்கு நோவு இடது முழங்கால்ல, அதனால தடி வலது கையில." இங்ரிட் மாற்றிக்கொண்டாள். "ம். இப்ப சரி. இவன் யாரு?"

"உலை" என்றான் ஓட்டிஸ்.

"வேலை செய்யுமா?"

அவன் பொத்தானை அமுக்கினான். பெட்டிக்குள் தீ எரிந்தது.

வெர்னா பெருமூச்சு விட்டார். "தேவலையே. என்னுது செத்து ஒம்பது நாளாச்சு."

அப்போதுதான் லோவெல் கவனித்தான். பேசும்போது வெர்னாவின் மூச்சு குளிரில் புகையாக வந்தது. வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு வரலாம், வீட்டுக்குள் நிற்கும் மனுஷிக்கு ஏன் வரவேண்டும்? ரெண்டு கோட்டு, அடுப்புக்குள் கால், எல்லாம் ஒரே நேரத்தில் அவன் நெற்றியில் வந்து மோதின. ஊர் உலைக்கெல்லாம் நாடி பார்க்கிறவன் எதிர்வீட்டு உலை பிணமாகக் கிடந்ததைப் பார்க்கவில்லை, ஐந்து வயதுப் பிள்ளை பார்த்து வேஷமே கட்டிவிட்டது. பனிக்குவியலை விட்டு வெளியே வந்தான்.

"வெர்னாம்மா, ஒம்பது நாளா? என்கிட்டச் சொல்லக்கூடாதா?"

வெர்னா காதையும் மீசையையும் வாலையும் வரிசையாகப் பார்த்தார். "பூனைகிட்டயா?"

"ஹெர்மன் பேசுறான்" என்று இங்ரிட் புகார் சொன்னாள்.

"வாகின் ஊர்ல இருந்து ஒரு உலை ரிப்பேர் ஆள் செவ்வாக்கிழமை வர்றேன்னிருக்கான்" என்றார் வெர்னா. "எதிர்வீட்டு ஆளக் கூப்பிட்டா, செடிதானே முளைச்சிடும்னு சொன்ன மாதிரி, குளிருதானே போயிடும்னு சொல்லிடுவானோன்னு பயம்."

லோவெல் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் அன்னிக்கு அதச் சொல்ல வரல."

"நாலு வருஷம் டயம் இருந்துச்சே. என்ன சொல்ல வந்தேன்னு இப்பவாவது கண்டுபிடிச்சியா?"

"தப்பு என்னுதுன்னு சொல்ல வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் வேற ஏதோ வந்துடுச்சு."

"என் மூஞ்சியப் பாத்து நிறையப் பேருக்கு அப்படித்தான்" என்றார் வெர்னா. கதவை முழுக்கத் திறந்தார். "பூட்ஸக் கழட்டிட்டு வா. வாலையும் வெளியிலயே விட்டுடு, படிக்கட்டுல தடுக்கும்."

எதிரே வண்டியிலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து வந்து நிலவறைக்குப் போனான். தீ மூட்டும் பாகத்தில் மயிரிழை விரிசல். வண்டியிலேயே மாற்றுப் பாகம் இருந்தது. "ஏம்மா, ஒம்பது நாளு தனியாவா கிடந்த?" என்று உலையிடம் கேட்டுக்கொண்டிருக்கையில் பின்னால் வெர்னாவின் குரல்: "உலைகிட்ட மட்டும் எவ்வளவு பதமாப் பேசுற." இருபது நிமிஷத்தில் உலை உறுமியது.

மேலே ஓட்டிஸ் சூடு வரும் துவாரத்துக்கு எதிரில் தன் பெட்டியோடு நின்று, இரண்டு உலையும் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெர்னா ஒரு கோட்டைக் கழற்றினார். உடனே இங்ரிட்டும் ஒன்றைக் கழற்றினாள். லோவெல் ஒரு சோளப்பொரி உருண்டையை நீட்டினான். வெர்னா கத்தியை வைத்துப் பார்த்தார், பிறகு சுத்தியலைக் கேட்டார்.

"இதை யாரு செஞ்சது?"

"நான்தான்."

"தபால்ல அனுப்பினா உடையாமப் போய்ச் சேரும்" என்றார். முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் அவர் ஒரு பொருளுக்குத் தரும் பெரிய பாராட்டு அதுதான் என்று பிறகு ஜானெல் விளக்கினாள். சுத்தியலால் நாலாக உடைத்து ஆளுக்கொரு துண்டு சப்பினார்கள். ஓட்டிஸ் விழுந்தான், தூக்கி நிறுத்தினார்கள், மறுபடி விழுந்தான். இந்த முறை அப்படியே படுத்துக்கொண்டு சப்பினான்.

வந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் காபி வேளையில் வெர்னா ஒரு மேசை விடாமல் சொல்லிவிட்டார்: ஹாலோவீன் அன்றைக்கு ஒரு பூனை வந்து என் உலையைப் பழுதுபார்த்தது, நல்ல வேலைக்காரப் பூனை, மீசைதான் ஒரு பக்கம் நீளம். ஜானெலோ இன்னொரு மூலையில், எதிர்வீட்டில் உலை செத்ததை வேஷம் கட்டிக் காட்டினாலும் புரியாத உலைக்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். லோவெல் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியைச் சூடாக்கப் போகிறேன் என்று வெளியேறினான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொலைபேசி அடித்தால் யாரும் வணக்கம் சொல்லவில்லை. "பூனை இருக்கா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். முதலில் காது சிவந்து ஜானெலிடம் கொடுத்துவிடுவான். ஜனவரியில் பனிப்புயல் அடித்த வாரம் ஒரே நாளில் பதினாலு அழைப்பு வந்தது. பதினைந்தாவதும் அப்படியே ஆரம்பித்தபோது லோவெல் பூட்ஸை மாட்டிக்கொண்டே, "இருக்கு. உங்க வீட்டு உலை எப்படி இருமுது, சொல்லுங்க" என்றான்.