சத்தமில்லாமல் பெற்றவள்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். பெரியவளுக்கு வாய் ஓயாது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். சின்னவள் பதினேழு வயதிலிருந்து சட்டைத் தையலகத்தில் காலர் தைப்பவள். ஒரு நாளைக்கு நூற்றெழுபது காலர். ஒரு முனை பிசகாது, ஒரு வார்த்தை அதிகம் வராது.

பெரியவளுக்கு முதலில் மகன் பிறந்தான். ஒன்றரை வருடம் கழித்துச் சின்னவளுக்கு மகள். ஆனால் ரேடியோவில் ஓடியது எப்போதும் ஒரே நிகழ்ச்சிதான்.

“பனிக்குடம் உடைஞ்சதும் நான் போட்ட சத்தத்துல டாக்டரம்மா கையில இருந்த டீ கொட்டிப்போச்சு. ‘எம்மா, எங்களுக்கும் கொஞ்சம் காது வேணும்’னாங்க. ‘காதை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இவனை வெளியே எடுங்க’ன்னேன்!”

வீடே சிரிக்கும். மாமியார் புதிதாகக் கேட்பவர் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு சின்னவள் பக்கம் திரும்புவார். “என் சின்ன மருமக அப்படி இல்ல. ஒரு சத்தம் இல்லாம பெத்தா. இப்படி ஒரு தங்கமான பொண்ணைப் பார்த்ததே இல்லன்னு நர்ஸே சொன்னாங்க.”

அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் சின்னவளுக்கு வயிறு எரியும். பெரியவளின் நகையும் நிறமும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவள் பொறாமைப்பட்டது அந்தக் கதையைப் பார்த்துத்தான். கொட்டிய டீயும், டாக்டரின் திட்டும், பிள்ளையின் முதல் அழுகையும் பெரியவளிடம் பத்திரமாக இருந்தன. சின்னவளிடம் ஒன்றும் இல்லை. காலை 11.10க்கு அறைக்குள் போனாள், பிற்பகல் 2.35க்குக் குழந்தை பிறந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டு சொல்கிறது. நடுவில் இருந்த மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் அவளுக்கு நினைவிருப்பது ஒரே ஒரு வாக்கியம். வலியில் அவள் புரண்டபோது ஒரு நர்ஸ் இரண்டு மணிக்கட்டையும் அழுத்திப் பிடித்து, நல்ல மனதோடுதான் சொன்னாள்: “நல்ல பொண்ணு சத்தம் போடாது.”

அதே வாக்கியத்தை அவள் எட்டு வயதில் கேட்டிருக்கிறாள். மாடி வீட்டில் குடியிருந்த ஆள் கணக்கு சொல்லிக்கொடுப்பதாகக் கூப்பிடுவான். கதவைச் சாத்திவிட்டு அதைச் சொல்வான். ஏழு மாதம் அது நடந்தது. ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டே, உடம்பை அங்கேயே விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட அவள் கற்றுக்கொண்டாள். பிரசவ அறையிலும் அப்படித்தான் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பக்கத்தில் ஒரு குழந்தை கிடந்தது. யாருடையது என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

மகளுக்கு ஐந்து வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அம்மா, நான் பொறந்தப்ப அழுதேனா?” என்று கேட்டாள். சின்னவள் பதில் தேடுவதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள்.

“நீயா? பூனைக்குட்டி மாதிரி கத்துனே! பெரியம்மா கதவுக்கு வெளியவேதானே நின்னுட்டிருந்தேன்.”

மகள் பெரியம்மா மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ‘என் பிள்ளை பிறந்த கதையும் இவள் வாயில்தானா?’ சின்னவள் எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது, ஏழாம் மாதம். இந்தத் தடவை அந்த அறையில் தானும் இருக்க வேண்டும், பிள்ளையின் முதல் சத்தத்தைத் தன் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த பரிசோதனையில் நர்ஸ் பழைய சீட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். “‘அமைதியானவர், முழு ஒத்துழைப்பு’ன்னு எழுதியிருக்கு. உங்களைப் பத்திக் கவலையே இல்ல!”

சின்னவளுக்குத் தெரியும்: அந்தச் சீட்டு தப்பு. தையலகத்தில் துணியில் கோளாறு இருந்தால், அடுத்த மேஜைக்குப் போகும் கட்டின்மேல் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி அனுப்புவார்கள். ‘இடது முனை இழுக்கும், பார்த்துத் தைக்கவும்.’ ஏன் இழுக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அப்படி ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தாள். நான்கைக் கிழித்துப்போட்டு, ஐந்தாவதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்த் தன் கேஸ் ஷீட்டின்மேல் குண்டூசியால் குத்தினாள்.

‘அமைதியாக இருந்தால் நான் அங்கே இல்லை என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிடவும். தொடுவதற்கு முன் சொல்லவும். கையை அழுத்திப் பிடிக்கக் கூடாது. நல்ல பொண்ணு என்று சொல்லக் கூடாது.’

நர்ஸ் இரண்டு முறை படித்தாள். பிறகு குண்டூசியை உருவிவிட்டு ஸ்டேப்ளர் அடித்தாள். “ஊசி விழுந்துடும்,” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

பிரசவம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9.40க்கு வலி உச்சிக்கு ஏறியபோது சின்னவள் கிளம்பிவிட்டாள். அந்த அறை ஜன்னலிலும் கம்பிகள் இருந்தன. நான்கு, ஐந்து. யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். “எங்க போறீங்க? இங்க வாங்க.” ஆறு. “உங்க முழங்காலைத் தொடப் போறேன். சரியா?”

சரியா என்று அவள் உடம்பைப் பற்றி யாரும் அவளைக் கேட்டதில்லை. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெளியே வந்தது ஒரு கத்தல். அது நிற்கவே இல்லை.

10.05க்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலில் தும்மியது, அப்புறம்தான் அழுதது. இரண்டையும் அவள் கேட்டாள்.

மாலையில் பெரியவள் பார்க்க வந்தாள். “என்னடி இது! வராந்தா முனை வரைக்கும் கேட்டுச்சாம், உன் வீட்டுக்காரர் சொல்றாரு. அவ்வளவு வலியா?”

“வலி பாதிதான்கா. மீதி எட்டு வயசுல கத்தியிருக்க வேண்டியது.”

சிரிக்க வந்த பெரியவள் பாதியில் நிறுத்தினாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “யாருடி?”

சின்னவள் சொன்னாள். சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பெரியவள் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை.

“இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“உங்களைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வரும்கா. அந்த டீக்கதையை நீங்க ஆரம்பிச்சா, அப்படியே வாயைச் சேர்த்துத் தைச்சுடலாமான்னு இருக்கும்.”

“தைச்சிருக்கலாம்ல, சனியன் ஒழிஞ்சிருக்கும்,” என்று பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். “இப்பவும் எரியுதா?”

“எரியுது. மூத்தவ அழுதது உங்களுக்குத்தானே தெரியும்.”

பெரியவள் முந்தானையைத் திருகினாள். “நான் எங்கடி கேட்டேன்? பசிக்குதுன்னு கேண்டீனுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா பிள்ளையைத் துணியில சுத்திட்டாங்க. பூனைக்குட்டியெல்லாம் நானா விட்டது.”

சின்னவள் பக்கத்தில் கிடந்த குழந்தையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

“அப்ப அதை நான்தான் அவகிட்ட சொல்லணும். நீ அழுதியான்னு அம்மாவுக்குத் தெரியாதுன்னு,” என்றாள். “நீங்க முந்திக்காதீங்க.”