குறைந்துபோன ஒரு சாண்

ஆசியாவில் எந்த நாட்டில் வேலை செய்கிறவர்கள் அதிகம் என்று காட்ட, ஆறாம் வகுப்பில் பூகோள சார் கரும்பலகையில் நாட்டுக்கு ஒரு கோடு போட்டார். சீனாவின் கோடு பலகையின் ஓரம் வரைக்கும் ஓடியது. நம்முடையது ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. ஜப்பானுக்கு விரல் நீளம்தான், அதைப் பார்த்தும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேக புத்தி. கடைக்காரர் தராசைக் கீழே வைக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டேன். ஆரணியில் எங்கள் தெரு முழுக்கப் பட்டுத் தறிகள். விளக்கு வைத்த பிறகும் சத்தம் ஓயாது. அப்படியிருக்க நாம் எப்படிக் குறைவோம்? யாரோ ஆளைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். அந்த யாரோ எங்கள் வீட்டிலேயே அகப்பட்டார்.

அந்த வாரம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தவர் என்று எதிர்வீட்டு அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். அப்பாவின் தறியில் குறுக்கே ஓடும் நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றித் தருவது அவள்தான். அவள் கை நின்றால் சற்று நேரத்தில் தறியும் நின்றுவிடும்.

“வீட்ல யார் யாருங்க வேலை செய்றீங்க?”

“நான் ஒருத்தன்தாங்க,” என்றார் அப்பா.

“அவங்க?”

“அது சும்மா வீட்டோட கீதுங்க.”

எனக்குப் பகீரென்றது. அரசாங்கத்திடமே கூசாமல் பொய்! அம்மாவோ கதவோரம் நின்று தலையை ஆட்டினாள். உண்மையைச் சொன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் நாடு சீனாவிடம் தோற்கும். நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே வந்தவர் எழுதி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பொய்க்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே. அப்பாவின் கூலி அவர் சட்டைப்பையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கூலி எங்கே? அரிசி டின்னில் கைவிட்டுப் பார்த்தேன். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தேன். கடைசியில் அம்மாவிடமே கேட்டேன்.

“உன் கூலிய அப்பா எங்கம்மா ஒளிச்சி வெச்சிகீறாரு?”

அம்மா ராட்டையை நிறுத்தாமலே சிரித்தாள். “நான் எங்கடி வேலை செஞ்சிகினு கீறேன், கூலி வர்றதுக்கு? இந்தத் தார ஜல்தியா குடுத்துட்டு வா. அங்க தறி நின்னுகினு கீது.”

சரிதான், அம்மாவும் கூட்டு. தாரை நீட்டும்போது அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொன்ன முகம் கொஞ்சமாவது கோணும் என்று எதிர்பார்த்தேன். அவர் தாரை வாங்கி, இழைகளுக்கு நடுவே ஓடும் நாடாக் கட்டைக்குள் போட்டுக்கொண்டு நெய்ய ஆரம்பித்தார். பலே ஆள்தான் என்று கோபம் கோபமாக வந்தது.

அதற்குப் பிறகும் வெகுநாள் அந்தக் கூலியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா தான் சொன்னதை மனமார நம்பினார், அம்மாவும் நம்பினாள் என்று சந்தேகிக்க மட்டும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.